வரைபடத்திற்கு அப்பால்

நுழையும்முன்

ஒரு கருவியைச் செய்யத் தெரிந்திருப்பது ஓர் அறிவு. அக்கருவி ஏன் அவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்திருப்பது மற்றோர் அறிவு. முன்னது தொழிற்சாலைகளை இயக்குகிறது. பின்னது புதிய கருவிகளுக்கு வித்திடுகிறது. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழியே முதுநிலைப் பொறியியல் கல்வி. சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியில் நடைபெற்ற ஆராய்ச்சிப் பணிகளைச் சான்றாகக் கொண்டு, இயந்திரவியல், வான்வெளிப் பொறியியல் ஆகிய துறைகளின் உயர்கல்வி எத்தகையது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மேற்குப் புறநகரின் தொழில் மரபு

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டி வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர் ஆகிய நிலையங்களைக் கடந்து ஆவடியை அடைகிறது. இப்பாதையை ஒட்டிய நிலப்பரப்பு தமிழ்நாட்டின் பொறியியல் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றது. அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டு மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பாடியில் ஊர்திகளுக்கான சக்கரங்களும் பிரேக்குகளும் மின்கருவிகளும் செய்யும் ஆலைகள் எழுந்தன. 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரங்களும் துளையிடும் எந்திரங்களும் இடையறாது சுழன்றன. பூவிருந்தவல்லி வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு மகிழுந்து உற்பத்தி தொடங்கியது.

இவற்றுள் அளவாலும் பணியாலும் வேறுபட்டு நிற்பது ஆவடி. மக்கள் ‘டேங்க் பேக்டரி’ என்று வழங்கும் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்டது. போர்க்களத்தில் பயன்படும் கவச ஊர்திகளாகிய டாங்கிகளை உருவாக்குவது அதன் பணி. அதனருகே, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பைச் சார்ந்த போர் ஊர்திகள் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் இயங்குகிறது. ஒன்று செய்யுமிடம், மற்றொன்று சிந்திக்குமிடம். இரண்டும் ஒரே ஊரில் அமைந்திருப்பதால், பொறியியலில் செய்முறையும் ஆராய்ச்சியும் எவ்வாறு இணைகின்றன என்பதை அறிய ஆவடி நல்லதொரு சான்றாகும்.

இருவகை அறிவு

ஆவடித் தொழிற்சாலை முதலில் உருவாக்கிய டாங்கி ‘விஜயந்தா’. அதன் வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்சு நிறுவனத்திற்கு உரியது. உரிமம் பெற்று, அந்நிறுவனம் அளித்த வரைபடங்களின்படி ஆவடியில் அது செய்யப்பட்டது. 1965ஆம் ஆண்டு முதல் ஊர்தி வெளிவந்தது. 1971ஆம் ஆண்டுப் போரில் விஜயந்தா டாங்கிகள் பங்கேற்றன. வேளாண்மையையே பெரிதும் நம்பியிருந்த ஒரு நாடு, விடுதலை பெற்று இருபதாண்டுகள் நிறைவதற்குள் இத்தகைய ஊர்தியைத் தன் மண்ணில் செய்தது பெருஞ்செயலே.

எனினும், வரைபடத்தைப் பார்த்துச் செய்வதற்கும் வரைபடத்தையே வரைவதற்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது. ஒரு பற்சக்கரத்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டால் அதில் பற்களின் எண்ணிக்கை, பல்லின் உயரம், எஃகின் வகை, பல்லின் அடிப்பகுதியிலுள்ள வளைவின் ஆரம் ஆகிய அனைத்தும் குறிக்கப்பட்டிருக்கும். தேர்ந்த தொழிலாளர் அந்த அளவுகளில் மயிரிழையும் பிசகாமல் சக்கரத்தைக் கடைந்து தருவார். ஆனால், ‘அந்த வளைவு ஏன் அங்கு இருக்கிறது? அதன் ஆரம் ஏன் அவ்வளவு? பாதியாகக் குறைத்தால் என்ன நேரும்?’ ஆகிய வினாக்களுக்கு வரைபடத்தில் விடை இராது. அவ்விடை அதை வரைந்தவரின் சிந்தனையில் இருக்கும். உரிமம் பெறும் நாட்டிற்கு வரைபடம் கிடைக்கும்; அச்சிந்தனை கிடைக்காது. அதைத் தானே உழைத்துப் பெறவேண்டும்.

இந்தியா தன் சொந்த வடிவமைப்பில் ஒரு டாங்கியை உருவாக்க 1974ஆம் ஆண்டு முடிவு செய்தது. ‘அர்ஜுன்’ எனப் பெயர்பெற்ற அந்த ஊர்தியை வடிவமைக்கும் பொறுப்பு ஆவடி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. அது இந்தியத் தரைப்படையில் இணையத் தொடங்கியது 2004ஆம் ஆண்டில். பிறர் வரைபடத்தின்படி முதல் டாங்கியைச் செய்ய நான்காண்டுகளே ஆயின. சொந்த வரைபடத்தின்படி செய்ய முப்பதாண்டுகள் ஆயின. இக்காலத்தாழ்வு கடுமையாகத் திறனாய்வு செய்யப்பட்டது. ஆயினும் அம்முப்பதாண்டுகளில் பொறியாளர்கள் பெற்ற அறிவு டாங்கியோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்வந்த நிகழ்வுகள் காட்டின.

எடையும் அழுத்தமும்

அர்ஜுன் டாங்கியின் முதல் வகை ஏறத்தாழ 58.5 டன் எடையுள்ளது. அதை 1,400 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் இயக்குகிறது. இத்தனை எடையுள்ள ஊர்தி இராசசுத்தானத்தின் மணலில் புதையாமல் எவ்வாறு செல்கிறது என்ற வினா எழுவது இயல்பு. விடை, பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் மாணவர்கள் அறிந்ததே. அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை. டாங்கியின் இருபுறமும் உள்ள அகன்ற சங்கிலித் தடங்கள் எடையைப் பெரும்பரப்பில் பரப்புகின்றன. அதனால் அது தரையில் தரும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.85 கிலோ மட்டுமே. சாலையில் செல்லும் மகிழுந்தின் சக்கரம் தரும் அழுத்தம் ஏறத்தாழ 2 கிலோ. அதாவது, 58 டன் டாங்கியின் அழுத்தம் மகிழுந்தின் அழுத்தத்தில் பாதியினும் குறைவு.

அடுத்த வினா கடினமானது. மேடுபள்ளமான நிலத்தில் விரைந்து செல்லும்போதே இலக்கைக் குறிபார்த்துச் சுடவேண்டும். ஒவ்வொரு குலுக்கலும் பீரங்கிக்குழாயின் குறியைச் சிதைக்கும். குலுக்கலைத் தாங்குவது சக்கரங்களுக்கும் ஊர்தியின் உடலுக்கும் இடைப்பட்ட தாங்கமைப்பு. விஜயந்தாவில் முறுக்குத்தண்டுகள் இப்பணியைச் செய்தன. எஃகுத்தண்டு முறுகி, மீண்டு, அதிர்ச்சியை ஏற்றது. அர்ஜுனில் எண்ணெயும் வளிமமும் இணைந்து செயல்படும் தாங்கமைப்பு பயன்படுத்தப்பட்டது. ஓர் உருளைக்குள் அடைக்கப்பட்ட நைட்ரசன் வளிமம் சுருள்வில்லைப் போலச் சுருங்கி விரிகிறது. எண்ணெய் விசையைக் கடத்துவதோடு, சிறுதுளைகளின் வழியே பாய்ந்து அதிர்வை அடக்குகிறது. வளிமம் மிகுதியாக அழுத்தப்படும்போது மிகுதியாக எதிர்க்கும். ஆதலால் சிறு மேடுகளில் மென்மையாகவும் பெரும் பள்ளங்களில் உறுதியாகவும் இவ்வமைப்பு செயல்படுகிறது.

வளிமத்தின் அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும்? துளையின் விட்டம் எவ்வளவு? நண்பகல் பாலை வெப்பத்தில் வளிமம் விரிந்தால் ஊர்தியின் உயரம் மாறுமா? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின்னும் எண்ணெய் கசியாதிருக்க என்ன செய்யவேண்டும்? வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், அதிர்வியல், பொருளறிவியல் ஆகிய நான்கு துறைகளும் இந்த ஓர் உருளைக்குள் சந்திக்கின்றன. இளநிலைப் பட்டப்படிப்பில் அவை நான்கு தனித்தனிப் பாடங்கள். முதுநிலை ஆய்வில் அவை ஒரே சிக்கலின் நான்கு முகங்கள்.

தரையிலிருந்து வானுக்கு

வானூர்தி தரையிறங்கும்போது அதன் சக்கரங்கள் பேரதிர்ச்சிக்கு உள்ளாகின்றன. 3 டன் எடையுள்ள ஓர் ஊர்தி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி இறங்கித் தரையைத் தொடுவதாகக் கொண்டால், அக்கீழ்நோக்கிய இயக்கத்தின் ஆற்றல் 6,000 ஜூல். அதனை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏற்று, ஊர்தி மீண்டும் துள்ளி எழாதவாறு அடக்கவேண்டும். இதற்கும் எண்ணெயும் வளிமமும் நிறைந்த உருளையே பயன்படுகிறது. டாங்கியின் தாங்கமைப்பும் வானூர்தியின் இறங்குசக்கர அமைப்பும் தோற்றத்தில் வேறு, தத்துவத்தில் ஒன்று.

எனவேதான் டாங்கிகளுக்காக நிறுவப்பட்ட ஆவடி ஆராய்ச்சி நிறுவனம் வானூர்திகளின் உறுப்புகளையும் வடிவமைக்க முடிந்தது. ‘தபசு’ என்னும் 3 டன் வகை ஆளில்லா வானூர்திக்கு உள்மடங்கும் இறங்குசக்கர அமைப்பை அந்நிறுவனம் உருவாக்கியது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவ்வமைப்பு முறைப்படி ஒப்படைக்கப்பட்டது.

தத்துவம் ஒன்றே எனினும், வேலை எளிதன்று. டாங்கியின் உறுப்பில் ஒரு கிலோ கூடினால் பெருங்கேடில்லை. வானூர்தியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளையோ சுமையையோ பறக்கும் நேரத்தையோ குறைக்கும். மேலும், பறக்கும்போது சக்கரங்கள் சிறிய இடத்திற்குள் மடங்கவேண்டும். இறங்கும்போது தவறாமல் விரிந்து பூட்டிக்கொள்ளவேண்டும். ஒருமுறை விரியத் தவறினும் ஊர்தி சேதமுறும். தரையில் கற்ற அறிவை வானுக்குக் கொண்டுசெல்ல, பழைய கணக்குகள் அனைத்தையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து போடவேண்டியிருந்தது.

இவ்வாறே, ‘தேஜஸ்’ இலகுரகப் போர் வானூர்திக்கான துணைக்கருவிப் பற்சக்கரப் பெட்டியும் ஆவடியில் வடிவமைக்கப்பட்டது. போர் வானூர்தியின் இயந்திரம் உந்துவிசையை மட்டும் தருவதன்று. மின்னாக்கி, நீர்ம விசையியக்கக் குழாய்கள் ஆகியவையும் அதனிடமிருந்தே ஆற்றலைப் பெறவேண்டும். இயந்திரத்திலிருந்து வரும் தண்டின் சுழற்சியைப் பெற்று, ஒவ்வொரு கருவிக்கும் ஏற்ற வேகத்தில் பிரித்தளிப்பது இப்பெட்டியின் பணி. அது செயலிழந்தால் மின்சாரமும் இறக்கைப் பரப்புகளை அசைக்கும் விசையும் குன்றும்; வானோடியின் உயிருக்கே இடர் நேரும். தேஜஸ் வளைந்து திரும்பும்போது புவியீர்ப்பைப் போல் 8 மடங்கு வரையிலான விசையைத் தாங்கவேண்டும். அந்நிலையில் 1 கிலோ உறுப்பு 8 கிலோ எடையுள்ளதுபோல் அழுத்தும். ஊர்தி தலைகீழாகப் பறக்கும்போதும் பற்களுக்கு மசகெண்ணெய் சென்றடையவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மிதிவண்டியும் பற்சக்கரப் பெட்டியும்: மிதிவண்டியின் மிதிப்பக்கச் சக்கரத்தில் 48 பற்களும் பின்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், ஒருமுறை மிதிக்கும்போது பின்சக்கரம் 3 முறை சுழலும். வேகம் மூன்று மடங்காகும். திருப்புவிசை மூன்றில் ஒரு பங்காகும். அம்பத்தூரில் செய்யப்பட்ட மிதிவண்டிக்கும் ஆவடியில் வடிவமைக்கப்பட்ட வானூர்திப் பெட்டிக்கும் இவ்விதி பொதுவானது.

சோர்வடையும் உலோகம்

பற்சக்கரப் பல்லின் அடியிலுள்ள வளைவைப் பற்றிய வினாவுக்கு விடை காண, 1954ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு துயரங்களை அறியவேண்டும். உலகின் முதல் தாரை இயந்திரப் பயணிகள் வானூர்தியான இங்கிலாந்தின் ‘காமெட்’ 1952ஆம் ஆண்டு சேவைக்கு வந்தது. 1954 சனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் வானூர்திகள் மத்தியதரைக் கடலின்மீது பறக்கும்போது உடைந்து விழுந்தன. அவற்றில் பயணம் செய்த அனைவரும் உயிரிழந்தனர். வானிலை சீராக இருந்தது, இயந்திரத்திலும் குறையில்லை.

காரணத்தைக் கண்டறிய, பார்ன்பரோ ஆய்வகத்தினர் ஒரு காமெட்டின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்தனர். உயரத்தில் பறக்கும்போது பயணிகளுக்காக உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படும், இறங்கும்போது குறைக்கப்படும். அதே ஏற்ற இறக்கத்தை நீரின் அழுத்தத்தால் மீண்டும் மீண்டும் ஏற்படுத்தினர். காற்றைப் பயன்படுத்தினால் உடல் வெடித்துச் சிதறித் தடயம் அழியும். நீர் எளிதில் சுருங்காததால் விரிசல் தோன்றிய இடம் சிதையாமல் நிற்கும் என்பதே நீரைத் தேர்ந்ததன் காரணம். வானூர்தி முன்னர்ப் பறந்ததையும் சேர்த்து, 3,000த்திற்குச் சற்று மேற்பட்ட பறத்தல்களுக்கு இணையான நிலையில் ஒரு திறப்பின் மூலையருகே உடல் கிழிந்தது. கடலிலிருந்து மீட்கப்பட்ட பாகங்களும் திறப்பின் மூலையிலிருந்தே விரிசல் தொடங்கியதைக் காட்டின.

ஒருமுறை தந்தால் சற்றும் தீங்கு செய்யாத விசை, பல்லாயிரம் முறை தந்தால் உலோகத்தை முறிக்கும். மெல்லிய கம்பியை ஒருமுறை வளைத்தால் முறிவதில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிறது. இதுவே உலோகச் சோர்வு. கூரிய மூலைகளில் தகைவு திரண்டு நிற்பதால் விரிசல் அங்கே முதலில் தோன்றும். வளைவு பெரிதாக இருப்பின் தகைவு பரவி நிற்கும். அக்காலத்திற்குப்பின் பயணிகள் வானூர்திகளின் சாளரங்கள் வட்டமான மூலைகளுடன் அமைக்கப்பட்டன.

பற்சக்கரத்தின் பல்லடியில் வளைவு இருப்பதும் இதே காரணத்தால்தான். நிமிடத்திற்கு 12,000 முறை சுழலும் ஒரு சக்கரத்தை எண்ணிப் பார்க்கலாம். அதன் ஒவ்வொரு பல்லும் சுற்றுக்கு ஒருமுறை விசையைத் தாங்கினால், ஒரு மணி நேரத்தில் 7,20,000 முறை தாங்குகிறது. ஆயிரம் மணி நேரப் பறத்தலில் அது 72 கோடி முறை. வளைவைப் பெரிதாக்கினால் தகைவு குறையும். ஆனால் அளவுக்கு மீறினால் எதிர்ச்சக்கரத்தின் பல் சரியாகப் பொருந்தாது. பல்லைத் தடிமனாக்கினால் எடை கூடும். எஃகைக் கடினமாக்கினால் அது நொறுங்கும் இயல்பு பெறும். இத்தனை முரண்களுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரின் பகுதியில் அளவை முடிவு செய்வதே வடிவமைப்பு. வரைபடத்தில் ஓரெண்ணாக நிற்பது, இத்தனை ஆராய்ச்சியின் முடிவாகும்.

முதுநிலைக் கல்வியின் இயல்பு

நான்காண்டு இளநிலைப் பொறியியல் படிப்பு, அறியப்பட்ட விடைகளையும் அவற்றைப் பயன்படுத்தும் முறைகளையும் கற்பிக்கிறது. ஈராண்டு முதுநிலைப் படிப்பில் மாணவர் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து ஆழ்ந்து கற்கிறார். இயந்திர வடிவமைப்பு, வெப்பப் பொறியியல், உற்பத்திப் பொறியியல் ஆகியவை இயந்திரவியலின் கிளைகள். காற்றியக்கவியல், வானூர்திக் கட்டமைப்பு, உந்துவிசையியல், பறத்தல் கட்டுப்பாடு ஆகியவை வான்வெளிப் பொறியியலின் கிளைகள். இறுதியாண்டில் ஓர் ஆய்வுப்பணியை மேற்கொண்டு ஆய்வேடு அளிக்கவேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வு இதனினும் வேறுபட்டது. அங்கு ஆய்வாளர் எதிர்கொள்ளும் வினாவுக்கு எந்த நூலிலும் விடை இராது. முதலில் அதுவரை உலகில் பிறர் கண்டறிந்தவற்றைப் பயில்கிறார். பின்னர் ஒரு கருதுகோளை அமைத்து, கணினி வழியாகக் கணித்து, ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கிறார். கணிப்பும் சோதனையும் முரண்பட்டால் எங்கே பிழை என்று தேடுகிறார். பல மாத உழைப்பு பயனின்றிப் போவதும் உண்டு. இறுதியில் ஆய்வேட்டை அளித்து, வல்லுநர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வில் தம் முடிவுகளை நிறுவவேண்டும். பணியில் இருந்துகொண்டே இத்தகைய ஆய்வை மேற்கொள்ளும் பொறியாளர்களும் உள்ளனர்.

இயந்திரவியலுக்கும் வான்வெளிப் பொறியியலுக்கும் இடையே கதவு திறந்தே இருக்கிறது. தேஜஸ் திட்டத்தின் இயக்குநராகவும் தலைமை வடிவமைப்பாளராகவும் விளங்கிய கோட்டா அரிநாராயணா, பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பயின்றவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் படிப்பையும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டத்தையும் நிறைவு செய்தார். ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், சென்னைக் குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு சி. இராசம் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் கற்றார். துறையின் பெயரைவிட, எடுத்துக்கொண்ட வினாவே இவர்களின் வழியைத் தீர்மானித்தது.

தெரிந்து தெளிவோம்

கேட் தேர்வு: முதுநிலைப் பொறியியல் படிப்பில் சேர்வதற்கு நாடு முழுவதும் நடத்தப்படும் தகுதித் தேர்வு. இந்திய அறிவியல் கழகமும் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் சுழற்சி முறையில் இதனை நடத்துகின்றன. 3 மணி நேரம், 100 மதிப்பெண்கள். இயந்திரவியலுக்கும் வான்வெளிப் பொறியியலுக்கும் தனித்தனி வினாத்தாள்கள் உண்டு. இதில் பெறும் மதிப்பு 3 ஆண்டுகள் வரை செல்லும். இதன்வழி முழுநேர முதுநிலைப் படிப்பில் சேரும் மாணவர் உதவித்தொகை பெறலாம். ஆதலால் குடும்பத்தின் வறுமை முதுநிலைக் கல்விக்குத் தடையாக வேண்டியதில்லை.

மறுக்கப்பட்ட அறிவு

பிறரிடமிருந்து பெறக்கூடிய அறிவைத் தானே தேடி உழைப்பது வீண் என்று கருதுவோர் உண்டு. 1998ஆம் ஆண்டு இதற்கு மறுமொழி தந்தது. அவ்வாண்டு மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நடத்தியதைத் தொடர்ந்து அமெரிக்கா தடைகளை விதித்தது. தேஜஸின் பறத்தல் கட்டுப்பாட்டு அமைப்பிற்காக அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்து அங்கு பணியாற்றிவந்த இந்தியப் பொறியாளர்கள் வேலை முடியுமுன்னரே நாடு திரும்ப நேர்ந்தது.

தேஜஸ் இயல்பாகவே நிலைப்புத்தன்மை குறைந்த வடிவமுடையது. விரைந்து திரும்புவதற்காக வேண்டுமென்றே அவ்வாறு வடிவமைக்கப்பட்டது. கணினிகள் இடைவிடாது கணக்கிட்டு இறக்கைப் பரப்புகளைத் திருத்தாவிட்டால் அது பறக்க இயலாது. ஆதலால் கட்டுப்பாட்டு விதிகள் சரியாக அமையாமல் முதற்பறத்தலுக்கு ஒப்புதல் தர எவராலும் இயலாது. இந்தியப் பொறியாளர்களும் அறிவியலாளர்களும் எஞ்சிய பணியை இங்கேயே நிறைவு செய்தனர். 2001ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பெங்களூரில் தேஜஸ் முதன்முறையாக வானில் எழுந்தது.

எனினும் அனைத்து வினாக்களுக்கும் விடை கிடைத்துவிடவில்லை. தேஜஸ் இன்றும் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தாலேயே பறக்கிறது. அதற்காக 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘காவேரி’ இயந்திரம் இன்னும் அவ்வூர்தியை இயக்கும் நிலையை எட்டவில்லை. தாரை இயந்திரத்தின் சுழலி இதழ்களைச் சூழும் வளிமத்தின் வெப்பநிலை, அவ்விதழ்கள் செய்யப்பட்ட உலோகமே உருகும் வெப்பநிலையினும் மிகுதி. இதழின் உட்புறம் நுண்குழாய்களை அமைத்துக் குளிர்காற்றைச் செலுத்தி, அதை உருகாமல் காக்கின்றனர். இக்கலையில் தேர்ந்த நாடுகள் உலகில் மிகச் சில. அவை தம் அறிவை எளிதில் பகிர்வதில்லை.

அர்ஜுனின் 1,400 குதிரைத்திறன் இயந்திரமும் செருமனியிலிருந்து வருவிக்கப்பட்டதே. எதிர்கால டாங்கிகளுக்காக உள்நாட்டில் உருவாக்கப்பட்ட 1,500 குதிரைத்திறன் இயந்திரம் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மைசூருவில் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. முதல் இயக்கத்திற்கும் படையில் சேர்வதற்கும் இடையே பல்லாண்டுச் சோதனைகள் உள்ளன. அவற்றைச் செய்வோரில் பலர் இன்று பள்ளியில் பயில்வோராக இருப்பர்.

தமிழ் மாணவர்முன் உள்ள வாய்ப்பு

அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டு இயந்திரவியல், கட்டடவியல் ஆகிய பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு முதல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப்பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள் வழங்கப்படுகின்றன. பட்டம் பெற்றபின் மேலும் செல்வதற்கு அண்ணா பல்கலைக்கழகமும் 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் உள்ளன. அக்கழகத்தின் ஆதரவில் வளர்ந்த அக்னிகுல் என்னும் இளந்தொழில் நிறுவனம், ஒரே பாகமாக முப்பரிமாண அச்சில் உருவாக்கிய இயந்திரத்தைப் பொருத்திய ஏவூர்தியை 2024ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தியது.

தாய்மொழியில் சிந்திப்பவர் வினாக்களைத் தெளிவாக எழுப்புவார். ‘தகைவு’, ‘திரிபு’, ‘திருப்புவிசை’, ‘ஒத்ததிர்வு’ ஆகிய சொற்கள் தேர்வில் எழுதுவதற்கு மட்டும் உரியன அல்ல. அவை பற்சக்கரத்தையும் வானூர்தியையும் நோக்கி வினவுவதற்குரிய கருவிகள். ஆராய்ச்சியின் முடிவுகளை உலகிற்கு உரைக்க ஆங்கிலமும் தேவை. அதைக் கற்பதில் தயக்கம் கூடாது. ஆனால் வினா பிறக்குமிடம் சிந்தனை. சிந்தனைக்கு நெருக்கமானது தாய்மொழி.

அம்பத்தூரின் பட்டறைகளில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான உறுப்புகள் வரைபடத்தின்படி பிழையின்றிச் செய்யப்படுகின்றன. அக்கைத்திறன் தலைமுறைகளின் உழைப்பால் விளைந்த செல்வம். அவ்வுறுப்புகளின் வரைபடங்களும் இம்மண்ணிலேயே வரையப்படவேண்டுமாயின், ‘இந்த அளவு ஏன்?’ என்று வினவி, விடை கிடைக்கும்வரை அமர்ந்து ஆராயும் இளைஞர்கள் தேவை. முதுநிலைக் கல்வி அவ்வினாவுக்குக் காலத்தையும் கருவியையும் ஆசிரியரையும் தருகிறது. வினாவை மாணவரே கொண்டுவரவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. மிதிவண்டி, தையல் எந்திரம், கிணற்று உருளை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் ஓர் உறுப்பு ஏன் அவ்வடிவில் உள்ளது என்பதை ஆராய்ந்து ஒருபக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரிலுள்ள பட்டறைக்குச் சென்று, அங்குத் தொழிலாளர்கள் கருவிகளுக்கு வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான கலைச்சொற்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. ‘பிற நாட்டு வரைபடத்தை வாங்குவதா, சொந்தமாக வரைவதா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. அர்ஜுன் டாங்கி மணலில் புதையாமல் செல்வது எவ்வாறு?
2. உலோகச் சோர்வு என்றால் என்ன?

சிறுவினா
1. டாங்கியின் தாங்கமைப்பும் வானூர்தியின் இறங்குசக்கர அமைப்பும் ஒப்புமை உடையன என்பதை விளக்குக.
2. காமெட் வானூர்தியைச் சோதிக்க நீர்த்தொட்டி பயன்படுத்தப்பட்டதன் காரணத்தை எழுதுக.

நெடுவினா
1. ‘வரைபடத்தைப் பார்த்துச் செய்வதற்கும் வரைபடத்தையே வரைவதற்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது’ என்பதை ஆவடியின் தொழில் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.